வெக்டர் கணிதம் பிறந்த வரலாறு



மேல்வகுப்புக் கணித நூல்களில் வெக்டர்கள் என்றொரு அதிகாரம் உண்டு. அளவும் திசையும் ஒருங்கே உடையது வெக்டர் என்றும், அளவு மட்டும் உடையது திசையிலி என்றும் அது தொடங்கும். வெக்டர்களைக் கூட்டுதற்கு ஒரு விதியைத் தரும். பெருக்குதற்கோ இரண்டு விதிகளைத் தரும். ஒன்று புள்ளிப் பெருக்கம். மற்றொன்று குறுக்குப் பெருக்கம். முன்னதன் விடை வெறும் எண். பின்னதன் விடை மற்றொரு வெக்டர். எண்களைப் பெருக்க ஒரே முறை போதுமாயிருக்க, வெக்டர்களுக்கு மட்டும் இரண்டு முறைகள் ஏன் என்று வகுப்பில் எவரேனும் ஒரு மாணவர் கேட்பதுண்டு. நல்ல கேள்வி அது. அதற்குரிய விடையை வரையறைகளில் தேடினால் கிடைக்காது. வரலாற்றில் தேட வேண்டும். அவ்வரலாற்றையே இன்று சொல்ல விழைகிறேன்.

வானொலியில் கரும்பலகை இல்லை. ஆதலால் நீங்கள் அமர்ந்திருக்கும் அறையையே கரும்பலகையாகக் கொள்வோம். அவ்வறை 12 அடி நீளமும், 9 அடி அகலமும், 8 அடி உயரமும் உடையது என வைத்துக்கொள்ளுங்கள். தரையின் ஒரு மூலையிலிருந்து மூன்று விளிம்புகள் புறப்படுகின்றன: ஒன்று நீளவாட்டில், ஒன்று அகலவாட்டில், ஒன்று மேல்நோக்கி. மூன்றும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. இம்மூலையிலிருந்து, நேர் எதிரே கூரையைத் தொடும் மூலைக்கு ஒரு கயிற்றை இழுத்துக் கட்டியிருப்பதாக எண்ணுங்கள். பிதாகரஸ் தேற்றத்தை இருமுறை பயன்படுத்தினால், தரை மூலைவிட்டம் 15 அடி என்றும், கயிற்றின் நீளம் 17 அடி என்றும் காணலாம். இந்த அறையும் இந்தக் கயிறும் நம் பேச்சு முடியும் வரை உடன் வரும்.

வெளியிலுள்ள கோடுகளையும் தளங்களையும் பற்றி முறைப்படி ஆராய்ந்த பழைய நூல்களுள் தலையாயது யூக்ளிட் இயற்றியது. கிறிஸ்துவுக்கு முன் ஏறத்தாழ 300-ஆம் ஆண்டில் எழுந்த அந்நூலின் 13 பகுதிகளுள், பதினோராம் பகுதி திண்ம வடிவ இயலைத் தொடங்கி வைக்கிறது. அதன் நான்காம் தேற்றம் இது: ஒன்றையொன்று வெட்டும் இரு கோடுகளுக்கும், அவை வெட்டும் புள்ளியில் ஒரு கோடு செங்குத்தாக நிற்குமாயின், அவ்விரு கோடுகளும் அமைந்த தளம் முழுமைக்குமே அது செங்குத்தாகும். தூண் நிறுத்தும் கொத்தனார் மூலைமட்டத்தை இரண்டு பக்கங்களில் வைத்துப் பார்த்து நிறைவு கொள்கிறாரே, அது இத்தேற்றத்தின் துணிவால்தான். ஆனால் இதனை நிறுவ யூக்ளிட் பட்ட பாடு சிறிதன்று. பல முக்கோணங்களைச் சோடி சோடியாக எடுத்து, ஒவ்வொரு சோடியும் சர்வசமம் எனக் காட்டிய பின்னரே அவர் முடிவுக்கு வருகிறார்.

1637-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட், வடிவ இயலை இயற்கணிதத்தோடு பிணைத்தார். அடுத்த நூற்றாண்டில் அம்முறை முப்பரிமாண வெளிக்கும் விரிந்தது. ஒரு புள்ளிக்கு மூன்று எண்கள். ஒரு தளத்துக்கு ஒரு சமன்பாடு. ஒரு கோட்டுக்கு இரண்டு சமன்பாடுகள் என்றாயிற்று. வலிமை மிக்க கருவிதான். எனினும் கயிறு ஒரே பொருளாக நம் கண்முன் நிற்க, தாளில் அது 12, 9, 8 என மூன்றாகச் சிதறிவிடுகிறது. அச்சுகளைச் சற்றுத் திருப்பினாலோ மூன்று எண்களும் மாறிவிடுகின்றன. கயிறு மாறவில்லையே! ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1679-இல் ஹைகன்ஸ் என்பாருக்கு எழுதிய மடலில், அளவுகளைக் கையாளும் இயற்கணிதம் போல, நிலையையும் திசையையும் நேராகக் கையாளும் ஒரு கணிதம் வேண்டும் என்று விரும்பினார். அவ்விருப்பம் நிறைவேற ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

சமதளத்தில் அது முதலில் கைகூடிற்று. டென்மார்க்கில் நில அளவையாளராகப் பணி செய்த காஸ்பர் வெஸ்ஸல், கலப்பெண்களைத் திசையுள்ள கோடுகளாகக் கருதலாம் என 1797-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அவ்வெண்களைக் கூட்டுதல் கோடுகளை முனையோடு முனை சேர்த்தலாகும். பெருக்குதல் கோட்டைத் திருப்பி நீட்டுதலாகும். தாளின் மேல் நடப்பதற்கு இது போதும். அறைக்குள் நடப்பதற்கு?

இக்கேள்வியைத் தம் வாழ்நாட் பணியாக ஏற்றவர் அயர்லாந்து நாட்டு வில்லியம் ரோவன் ஹாமில்டன். 1805-இல் டப்ளின் நகரில் பிறந்த இவர், தமது 21 வயதிலேயே வானியல் பேராசிரியராக அமர்த்தப்பட்டவர். சமதளத்துக்கு ஈரெண் இணைகள் இருப்பது போல, வெளிக்கு மூவெண் தொகுதிகள் இருக்க வேண்டும் என அவர் கருதினார். அவற்றைக் கூட்டலாம், கழிக்கலாம். பெருக்க மட்டும் வழி தெரியவில்லை. காலை உணவின்போது அவருடைய மைந்தர்கள், மும்மைகளைப் பெருக்கிவிட்டீரா என வினவுவதும், அவர் வருத்தத்தோடு தலையசைப்பதும் வழக்கமாயிருந்ததெனப் பின்னாளில் மகனுக்கு எழுதிய மடலில் அவரே குறித்திருக்கிறார்.

1843-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், அயர்லாந்து அறிஞர் கழகத்தின் கூட்டத்திற்காக, மனைவியாருடன் கால்வாய்க் கரையோரம் அவர் நடந்து சென்றார். புரூம் பாலத்தை நெருங்கும்போது விடை மின்னிற்று. மூன்று எண்கள் போதா, நான்கு வேண்டும்! ஓர் எண்ணும், அதனோடு ஐ, ஜே, கே என்னும் மூன்று திசை அலகுகளும் சேர்ந்த நான்கு உறுப்புத் தொகுதி அது. அலகுகள் ஒவ்வொன்றின் வர்க்கமும் கழித்தல் ஒன்று. மூன்றையும் வரிசையாகப் பெருக்கினாலும் கழித்தல் ஒன்று. கையிலிருந்த கத்தியால் பாலத்தின் கல்லில் அச்சமன்பாட்டைக் கீறினார். கீறல் காலத்தால் மறைந்தது. 1958-இல் அங்கே நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. இந்நான்குறுப்பு எண்ணுக்குக் குவாட்டர்னியன் என அவர் பெயரிட்டார்.

இதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. மூன்றை நான்கால் பெருக்கினாலும், நான்கை மூன்றால் பெருக்கினாலும் பன்னிரண்டே என்பதை நாம் மழலை வகுப்பிலேயே கற்கிறோம். ஹாமில்டனின் எண்களிலோ, ஐ-யை ஜே-யால் பெருக்கினால் கே. ஜே-யை ஐ-யால் பெருக்கினால் எதிர்மறை கே. வரிசை மாறினால் விடை மாறும். இது விபரீதம் அன்றோ எனத் தோன்றலாம். உங்கள் கையிலுள்ள புத்தகத்தை எடுத்து, ஒரு கால் சுற்று முன்பக்கம் சாய்த்து, பின் ஒரு கால் சுற்று வலப்பக்கம் திருப்பிப் பாருங்கள். மீண்டும் முதல் நிலையில் வைத்து, அதே இரண்டு செயல்களை வரிசை மாற்றிச் செய்யுங்கள். புத்தகம் வேறு நிலையில் நிற்கும். வெளியின் இயல்பே அது. அதனை எண்களின் பழக்கத்துக்கு அடக்க முயலாமல், எண்களை வெளியின் இயல்புக்கு இணங்கச் செய்தார் ஹாமில்டன்.

இனி நம் கயிற்றை, மேல்நோக்கிய ஓரடிக் கோல் ஒன்றால் ஹாமில்டன் முறைப்படி பெருக்குவோம். 12 ஐ, 9 ஜே, 8 கே ஆகியவற்றின் கூட்டுத்தொகையைக் கே-யால் பெருக்க வேண்டும். விடையில் இரு பகுதிகள் வருகின்றன. ஒரு பகுதி வெறும் எண்: கழித்தல் 8. மற்றொரு பகுதி திசையுடையது: நீளவாட்டில் 9, அகலவாட்டில் கழித்தல் 12. இவ்விரு பகுதிகளுக்கும் பெயர் இட்டவரும் அவரே. எண் பகுதியை ஸ்கேலர் என்றார். அதுவே நம் திசையிலி. திசைப் பகுதியை வெக்டர் என்றார். வெக்டர் என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சுமந்து செல்வது என்பது பொருள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வழங்கும் காவி என்னும் சொல் இப்பொருளை அழகாகக் காட்டுகிறது.

இப்போது மாணவரின் கேள்விக்கு விடை புலப்படத் தொடங்குகிறது. தொடக்கத்தில் பெருக்கம் ஒன்றாகவே இருந்தது. அதன் விடைதான் இரு பகுதிகளாய் நின்றது. அப்பகுதிகள் பிரிந்து தனிக்குடித்தனம் போனது எவ்வாறு என்பது கதையின் பிற்பகுதி. அதற்கு முன் மற்றொருவரை நாம் சந்திக்க வேண்டும்.

பால்டிக் கடற்கரையை அடுத்த ஸ்டெட்டின் நகரம் அக்காலத்தில் பிரஷ்ய நாட்டுக்கு உரியது; இன்று போலந்து நாட்டில் ஷ்செச்சின் என வழங்குகிறது. அங்கே 1809-இல் ஹெர்மன் கிராஸ்மன் பிறந்தார். தந்தையார் அந்நகரப் பள்ளியில் கணித ஆசிரியர். மகன் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பயின்றவை சமய நூலும் மொழிநூலுமே. கணிதத்தைத் தாமே கற்றுக்கொண்டார். உயர் வகுப்புகளில் கற்பிக்கும் தகுதிக்காக 1840-இல் அவர் எழுதிய தேர்வுக் கட்டுரையின் பொருள் கடலின் ஏற்றவற்றம். அதில் திசையுள்ள கோடுகளைக் கூட்டவும் பெருக்கவும் தாமே வகுத்த முறையைக் கையாண்டிருந்தார். அதாவது, ஹாமில்டன் பாலத்தருகே நடப்பதற்கு மூன்றாண்டுகள் முன்னரே வெக்டர் கணிதத்தின் பெரும்பகுதி ஒரு பள்ளியாசிரியரின் தேர்வுத்தாளில் இருந்தது! அக்கட்டுரை அச்சேறியது 1911-இல், அவர் மறைந்து 34 ஆண்டுகளுக்குப் பின்னர்.

1844-இல் கிராஸ்மன் தம் கருத்துகளை விரிவாக்கி, பரப்பியல் எனத் தமிழில் நாம் பெயரிடத்தக்க பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அதன் சாரம் எளியது. ஒரு கோடு மற்றொரு கோட்டின் வழியே நகர்ந்தால் ஓர் இணைகரம் உண்டாகிறது. அவ்விணைகரமே அவ்விரு கோடுகளின் பெருக்கம். அவ்விணைகரம் மூன்றாவது கோட்டின் வழியே நகர்ந்தால் ஒரு திண்மம் உண்டாகிறது. நம் அறையில் நீள விளிம்பு அகல விளிம்பின் வழியே நகர, 108 சதுர அடித் தரை பிறக்கிறது; தரை சுவரின் வழியே மேலெழ, 864 கன அடி அறை பிறக்கிறது. இரு கோடுகள் ஒரே திசையில் இருப்பின் பரப்பு உண்டாகாது, பெருக்கம் சுழியாகும். மூன்று கோடுகள் ஒரே தளத்தில் கிடந்தால் திண்மம் உண்டாகாது, அப்பெருக்கமும் சுழியாகும். கோடுகள் இணையா, ஒரே தளத்தில் உள்ளனவா என இன்று நீங்கள் சோதிக்கும் விதிகள் இவையே. மூன்று பரிமாணத்தோடும் அவர் நிற்கவில்லை. எத்தனை பரிமாணங்களுக்கும் பொருந்துமாறு அமைத்தார்.

ஆனால் நூலைப் படிப்பார் இல்லை. தத்துவ நடையில், நீண்ட பொதுமை விளக்கங்களோடு அது தொடங்கிற்று. எடுத்துக்காட்டுகள் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தன. புகழ்பெற்ற கணிதர் மேபியஸ் அதற்கு மதிப்புரை எழுத முன்வரவில்லை. 1847-இல் பல்கலைக்கழகப் பதவி வேண்டி அரசுக்கு விண்ணப்பித்தபோது, கருத்துக் கேட்கப்பட்ட கும்மர் என்னும் கணிதப் பேராசிரியர், நல்ல பொருள் குறையுள்ள வடிவில் சொல்லப்பட்டிருக்கிறது என மதிப்பிட்டார். பதவி கிட்டவில்லை. அதற்கு முந்திய ஆண்டில்தான், லைப்னிட்ஸின் பழைய விருப்பத்தை நிறைவேற்றுவார்க்கென அறிவிக்கப்பட்ட பரிசை அவர் வென்றிருந்தார். போட்டிக்கு வந்த கட்டுரை அவருடையது ஒன்றே. 1862-இல் நூல் முழுவதையும் வேறு நடையில் எழுதித் தம் சொந்தச் செலவில் 300 படிகள் அச்சிட்டார். அதுவும் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1864-ஆம் ஆண்டளவில் முதல் நூலின் விற்காத படிகள் ஏறத்தாழ 600, பதிப்பாளரால் கழிவுத் தாளாக்கப்பட்டன.

மனம் உடைந்தாலும் உழைப்பு ஓயவில்லை. பள்ளி வேலையை விடாது செய்துகொண்டே கிராஸ்மன் மொழிநூலின் பக்கம் திரும்பினார். அங்கே நம் நாட்டோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. வடமொழி கற்று, ரிக் வேதச் சொற்கள் அனைத்துக்கும் ஓர் அகராதி தொகுத்தார். 1873 முதல் 1875 வரை வெளிவந்த அவ்வகராதியை வேத ஆய்வாளர் இன்றும் போற்றிப் பயன்படுத்துகின்றனர். வடமொழி, கிரேக்கம் ஆகியவற்றின் ஒலிமாற்றம் பற்றிய ஒரு விதி அவர் பெயராலேயே வழங்குகிறது. 1876-இல் டியூபிங்கன் பல்கலைக்கழகம் மொழித் தொண்டுக்காகச் சிறப்பு டாக்டர் பட்டம் வழங்கிற்று. மறு ஆண்டே அவர் மறைந்தார். கணிதத்தில் அவர் பெருமையைச் சிலர் அவர் வாழ்நாளின் இறுதியில் உணரத் தொடங்கியிருந்தனர். ஹாமில்டன் மட்டும் 1853-இலேயே தம் நூல் முன்னுரையில் அவரைப் பாராட்டியிருந்தார்.

இதற்கிடையில் இயற்பியல் வளர்ந்தது. மின்விசை, காந்தவிசை இரண்டும் அளவும் திசையும் உடையவை. 1873-இல் வெளிவந்த மாக்ஸ்வெல்லின் மின்காந்தப் பெருநூலில், குவாட்டர்னியன் கருத்துகள் ஓரளவு இடம்பெற்றன. அவற்றை நடைமுறையில் கையாளப் புகுந்தோர்க்கு இரு இடர்கள் எதிர்ப்பட்டன. முதலாவது, எண் பகுதியும் வெக்டர் பகுதியும் சேர்ந்தே வருகின்றன. இயற்பியலில் அவை பெரும்பாலும் தனித்தனியே வேண்டப்படுகின்றன. இரண்டாவது, எதிர்மறைக் குறி. நம் கயிற்றைத் தன்னாலேயே பெருக்கினால் ஹாமில்டன் முறையில் கழித்தல் 289 வருகிறது. 17 அடிக் கயிற்றின் வர்க்கம் எதிர்மறையாவதை எந்தப் பொறியாளர் விரும்புவார்?

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லர்ட் கிப்ஸ், இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைட் ஆகிய இருவரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே முடிவுக்கு வந்தனர். ஹெவிசைட் 16 வயதோடு பள்ளியை விட்டவர், தந்தி நிலையத்தில் பணியாற்றியவர், செவிப்புலன் குறைந்தவர், தாமாகவே மாக்ஸ்வெல்லின் நூலைக் கற்றுத் தெளிந்தவர். இருவரும் பெருக்கத்தை இரண்டாகப் பிளந்தனர். எண் பகுதியின் குறியை மாற்றி ஒரு பெருக்கமாக்கினர். வெக்டர் பகுதியை மற்றொரு பெருக்கமாக்கினர். புள்ளியும் குறுக்கும் கிப்ஸ் இட்ட அடையாளங்கள். தம் மாணவர்க்கென அவர் 1881-இலும் 1884-இலும் இரு பகுதிகளாகச் சிறு கையேடு ஒன்றை அச்சிட்டு, அறிஞர் பலர்க்கும் அனுப்பினார்.

எதிர்ப்பு எழாமல் இல்லை. ஹாமில்டனின் வழித்தோன்றலாகத் தம்மைக் கருதிய ஸ்காட்லாந்துப் பேராசிரியர் டெயிட், 1890-இல் கிப்ஸின் முறையைக் கடுஞ்சொற்களால் இகழ்ந்தார். அழகிய முழுமையைச் சிதைத்துவிட்டனர் என்பதே அவர் குறை. நேச்சர் என்னும் அறிவியல் வார இதழில் சில ஆண்டுகள் வாதம் நடந்தது. கிப்ஸ் நிதானமாக விடையிறுத்தார். மறைந்த கிராஸ்மனின் கருத்துகளே இப்பொருளுக்கு நெருங்கிய அடித்தளம் என்பதையும் அவர் மறையாது எடுத்துக் கூறினார். வெற்றி வாதத்தால் விளைந்தது என்பதைவிடப் பயன்பாட்டால் விளைந்தது எனலாம். கிப்ஸின் விரிவுரைகளைக் கொண்டு மாணவர் வில்சன் 1901-இல் எழுதிய பாடநூல் எங்கும் பரவிற்று. இன்று உங்கள் பாடநூலில் உள்ள முறை அதன் வழிவந்ததே.

பிரித்ததனால் வந்த பயனை நம் அறையிலேயே காணலாம். ஒரு கோட்டைக் குறிக்க, அதன்மேல் ஒரு புள்ளியும் அதன் திசை வெக்டரும் போதும். ஒரு தளத்தைக் குறிக்க, அதன்மேல் ஒரு புள்ளியும் அதற்குச் செங்குத்தான ஒரு வெக்டரும் போதும். செங்குத்து வெக்டருக்கும், தளத்தில் கிடக்கும் எந்த வெக்டருக்கும் புள்ளிப் பெருக்கம் சுழி. யூக்ளிட் பல முக்கோணங்களால் நிறுவிய தேற்றம் இப்போது ஒரே வரி: இரு வெக்டர்களோடு புள்ளிப் பெருக்கம் சுழியானால், அவற்றின் மடங்குகளைக் கூட்டிப் பெறும் எல்லா வெக்டர்களோடும் அது சுழியே.

இன்னொன்று. கயிறு புறப்படும் மூலையிலிருந்து நீள விளிம்பின் வழியே 12 அடி சென்றால், அடுத்த மூலையில் ஒரு சுவர் விளிம்பு நேராக நிற்கிறது. கயிறும் அவ்விளிம்பும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை, இணையாகவும் இல்லை. இவை ஒரு தளத்தில் அமையாக் கோடுகள். இவற்றிடையே மிகக் குறைந்த தூரம் என்ன? இரண்டுக்கும் செங்குத்தான திசையைக் குறுக்குப் பெருக்கம் தருகிறது. முன்னர் கண்ட 9, கழித்தல் 12 என்னும் வெக்டரே அது. அதன் நீளம் 15. இரு கோடுகளையும் இணைக்கும் 12 அடி நீள விளிம்பு அத்திசையில் எவ்வளவு செல்கிறது என்பதைப் புள்ளிப் பெருக்கம் தருகிறது: 12-ஐ 9-ஆல் பெருக்கினால் 108, அதை 15-ஆல் வகுத்தால் 7.2 அடி. தரையில் கயிற்றின் நேர்க்கீழே மூலைவிட்டம் வரைந்து, அம்மூலையிலிருந்து அதற்குள்ள செங்குத்துத் தூரத்தை அளந்தாலும் இதே விடை வரும். ஒரு பெருக்கம் திசையைக் கண்டது. மற்றொன்று தூரத்தை அளந்தது. இரண்டு ஏன் என்னும் கேள்விக்கு இதனினும் தெளிந்த விடை வேண்டுவதில்லை.

தோற்ற பக்கமும் வீண் போகவில்லை. விண்கலம் எத்திசை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பதைக் கணக்கிடவும், கணிப்பொறித் திரையில் உருவங்களைச் சுழற்றவும் குவாட்டர்னியன்களையே இன்று பெரிதும் கையாளுகின்றனர். கிராஸ்மனின் பெருக்கம் உயர்கணிதத்தின் பல துறைகளுக்கு அடிப்படையாகிவிட்டது.

மாணவர்களே, இவ்வரலாற்றில் மிகத் தொலைவு கண்டவர் கிராஸ்மன். உலகத்தார் கற்றுக்கொண்டதோ கிப்ஸின் கையேட்டிலிருந்து. முன்னவர் தம் அறிவின் உச்சியிலிருந்து பேசினார். பின்னவர் வகுப்பில் அமர்ந்திருந்த மாணவரை மனத்திற் கொண்டு எழுதினார். ஓர் உண்மையைக் காண்பது அரிய செயல். அதைப் பிறர் பின்பற்றி வருமாறு படிப்படியாக எழுதுவதும் அதற்குக் குறைந்ததன்று. நாளை ஒரு வெக்டர் கணக்கைச் செய்யும்போது, விடையை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் காரணம் எழுதுங்கள். பக்கத்து இருக்கையிலுள்ள தோழர் அதைப் படித்துத் தாமே அடுத்த கணக்கைச் செய்ய முடிகிறதா என்று பாருங்கள்.